நோ டிஸ்க்

அரியரத்தினம் அண்ணை
பிளேயரைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார்.
கராஜில் மூன்று வருடம் கிடந்ததாம்.
வினிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்திரண்டு.
கார்கள் எல்லாம் வயர் மாட்டி
சுவரோடு கட்டுண்டு நிற்கிற மாதம்.

"சுத்துது. பிறகு நோ டிஸ்க் எண்டுது.
டிஸ்க் உள்ளுக்கத்தான் கிடக்குது, தங்கச்சி."

இப்போது தொடக் கூடாது என்றேன்.
குளிரால் வந்த கண்ணாடிக்குச்
சூட்டில் வியர்க்கும்.
இரண்டு மணித்தியாலம் அது தன்பாட்டில் இருக்கட்டும்.
இருந்தது. நாங்களும் இருந்தோம்.
பிளேன்டீ குடித்தார்.
மூன்று கரண்டி போடுகிறவர்
சீனிப் போத்தலை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.
நான் கேட்கவில்லை.

பல் கிளினிக்கில் கருவி கழுவுகிறவள் நான்.
நாள் முழுக்கச் சின்னக் கண்ணாடிகளோடு சீவியம்.
அதனால்தான் எங்கள் தெருவில்
எது மங்கினாலும் என்னிடம் வரும்.

பிளக்கைக் கழற்றினேன்.
ஹீற்றர் குழாயை ஒருதரம் தொட்டேன்,
உடம்பு மின்சாரம் இறங்கட்டும் என்று.
ஜனவரியில் இங்கே கைகொடுத்தாலே பொறி பறக்கும்.
ஆறு திருகாணி.
கழன்ற ஒழுங்கில் தேநீர்த் தட்டில் வைத்தேன்.
மூடியைத் தூக்கினால் தூசி,
காய்ந்த ஒரு பூச்சி,
பத்துச் சதக் குற்றி ஒன்று.
"இது ஜனகன்ர வேலை" என்றார்.
அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

லென்ஸ் உளுந்தை விடக் கொஞ்சம் பெரிது.
பஞ்சுக் குச்சியை அல்ககோலில் தோய்த்து
ஒட்டப் பிழிந்து
அமத்தாமல்,
கூச்சக்காரனின் பல்லைத் தொடுகிற மாதிரி.
முதற் குச்சியில் கறுப்பு.
இரண்டாவதில் சாம்பல்.
மூன்றாவது வெள்ளையாகவே திரும்பி வந்தது.

பரீட்சைக்கு மகளின் நீச்சல் போட்டி இறுவட்டு.
அதையும் துடைத்தேன்,
நடுவிலிருந்து விளிம்புக்கு.
வட்டமான சாமானை வட்டமாய்த் துடைக்கப்படாது.
குறுக்கே விழுந்த கீறலை அது தாண்டிப் போகும்;
தடத்தோடு சேர்ந்து ஓடுகிற கீறல்தான்
சொல்லைத் தின்னும்.

போட்டேன். சுற்றியது.
மூன்றாம் லேனில் மகள் குதித்தாள்.
தண்ணீர்ச் சத்தமும் வந்தது.

"பிளேயர் சரி, அண்ணை."

சந்தோசப்படவில்லை அவர்.
ஜாக்கெட்டின் உட்பையில் இருந்து
இன்னொன்றை எடுத்து நீட்டினார்.
"அப்ப இது ஏன்?"

சுற்றியது. நோ டிஸ்க்.

வெள்ளைத் தாள் உறை.
ஆஸ்பத்திரியின் பெயர்.
அவருடைய முழுப்பெயர், எழுத்துப்பிழையோடு.
போன செவ்வாய்க்கிழமைத் திகதி.
கீழே, சின்ன எழுத்தில்: தலை.

இது வீட்டுப் பிளேயர் எதிலும் ஓடாது.
கம்பியூட்டருக்குச் செய்தது.
பின்னேரம் முழுக்க
குற்றமில்லாத ஒன்றைக் கழுவியிருக்கிறேன்.

"மலர்விழிக்குச் சொல்லேல்லை" என்றார்.
"ரீவியில நானே ஒருக்காப் பாப்பம் எண்டு..."

பழைய லப்டொப்பில் போட்டேன். திறந்தது.
சாம்பல் நிறத் துண்டுகள்,
வாழைத்தண்டை அரிந்து அடுக்கின மாதிரி.
இருவருக்கும் வாசிக்கத் தெரியாது.
தெரிந்தவர்கள்போல உற்றுப் பார்த்தோம்.

பதினேழாவதில் ஒரு வெள்ளைப் புள்ளி.

குச்சி இன்னும் கையில்தான் இருந்தது.
திரையைத் துடைத்தேன்,
நடுவிலிருந்து விளிம்புக்கு.
புள்ளி இருந்தது.
பதினெட்டிலும் இருந்தது.
பத்தொன்பதில் இல்லை.

"வியாழன் டொக்டரிட்டப் போறன்தானே."
"நானும் வாறன்" என்றேன்.
வியாழன் எனக்கு வேலை.
அது அவருக்கும் தெரியும்.

மூடியைப் பூட்டிக் கொடுத்தேன்.
துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்.
கார் இருமி இருமிக் கிளம்பிற்று.

மேசையைத் துடைக்கையில்
தேநீர்த் தட்டில் ஒரு திருகாணி.
ஆறையும் பூட்டினேன் என்றுதான் நினைத்தேன்.

கிளினிக்கின் சின்ன உறை ஒன்றில் அதைப் போட்டு
வெளியே அவர் பெயரை
எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிக்
கைப்பைக்குள் வைத்தேன்.
வியாழக்கிழமை கொடுக்க வேண்டும்.